உவர் மூலையில் ஒரு புல்

கிணற்றடியில் குந்தியிருந்த அப்பா ஒரு புல் இதழைக் கிள்ளி நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி பக்கத்தில் நின்றேன். பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற மாதிரி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் இதழை மென்றார். துப்பினார். இன்னொன்றைக் கிள்ளினார். அதையும் மென்று துப்பினார்.

"இது நம்ம புல்லு இல்ல பாப்பா," என்றார்.

"அதே புல்லுதாம்பா. நம்ம உப்பளத்து வரப்புல இருந்து வேரோட பேத்துக்கினு வந்தது."

"இருக்கலாம். ஆனா இதுல உப்பு இல்ல."

சொல்லிவிட்டு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போய்விட்டார். ஒரு புல்லுக்காக யாராவது அழுவார்களா என்று கேட்காதீர்கள். நான் அழுதேன்.

மூட்டை தீரும்வரை

நான் பிறந்தது மரக்காணத்துப் பக்கம். அப்பா அங்கே உப்பளத்தில் மேஸ்திரி. என் வீட்டுக்காரருக்குக் கிருஷ்ணகிரியில் ஓர் உப்பு மண்டியில் வேலை. லாரியோடு வந்து உப்பு ஏற்றிக்கொண்டு, பாதியைக் கிருஷ்ணகிரியில் இறக்கி, மீதியை ஓசூருக்கும் தளிச் சந்தைக்கும் கொண்டுபோவார். அப்படி வந்து போன லாரிதான் ஒருநாள் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தது. தாலி கட்டித்தான், பயப்படாதீர்கள்.

கடலைப் பார்த்து வளர்ந்தவள் பாறையும் மாந்தோப்புமாக இருக்கிற ஊருக்கு வந்து என்ன பாடுபட்டேன் என்பதை இந்தப் பத்திரிகையில் பழைய வாரங்களில் வேண்டிய அளவு புலம்பிவிட்டேன். இந்த வாரம் என் அப்பாவைப் பற்றி.

நான் ஒரே பெண். அம்மா போன பிறகு அப்பா தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். வெயிலில் உப்புப் பாத்தியின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்து அவர் கண் மங்கிக்கொண்டே வந்தது. உப்புத் தண்ணீரில் நின்ற கால்கள் வெடித்துக் கிடந்தன. ஒருநாள் அடுப்பென்று தெரியாமல் நெருப்பிலேயே கையை ஊன்றிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அன்றே என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், அடுத்த லாரியில் என் அப்பா வரவேண்டும் என்று.

வந்தார். எப்படி வந்தார் தெரியுமா? தோளில் ஒரு மூட்டை அரிசியோடு வந்தார்.

பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கக்கூடாது என்பது அந்தக் காலத்து அப்பாக்களின் பிடிவாதம். சிலர் பேரப்பிள்ளை பிறக்கிறவரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். என் அப்பா மூட்டையைக் கூடத்து மூலையில் இறக்கி வைத்துவிட்டு, நிற்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மாம்பழக் காலத்துல நாலு நாளு பொண்ணு கூட இருந்துட்டுப் போலாம்னு வந்தேன். இந்த மூட்டை தீந்ததும் கெளம்பிடுவேன்."

தினமும் தானே ஆழாக்கு அரிசி அளந்து என்னிடம் கொடுப்பார். அது மட்டும்தான் அவர் சாப்பாடு. ஊற்றிக்கொள்ள நாங்கள் வைக்கிற சாறோ கீரையோ ஒரு கரண்டி. பால் வேண்டாம், மோர் வேண்டாம். மறுசோறு கேட்டதே இல்லை.

அதைவிட ஒன்று என்னை அறுத்துக்கொண்டே இருந்தது. என் மாமியாருக்கு உப்பில் கை சுருக்கம். மகன் உப்பு மண்டியில் இருக்கிறான், வீட்டுக் குழம்பில் உப்பைத் தேடவேண்டும். என் அப்பாவோ சோற்றில் கல் உப்பை நசுக்கிப் பிசைந்து தின்கிற மனிதர். தட்டில் கையை வைத்துவிட்டு ஒரு கணம் நிற்பார். பிறகு தின்றுவிட்டு எழுந்துவிடுவார். ஒருநாள்கூட "உப்பு" என்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை. நானாக எடுத்து வைத்தால், "வேணாம் பாப்பா, சரியாத்தான் இருக்குது" என்று தட்டை நகர்த்திக்கொள்வார்.

விருந்தாளி உப்புக் கேட்க மாட்டான் அல்லவா? சொந்த வீட்டில்தான் கேட்போம்.

கெம்பி

இங்கே என் மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சென்னம்மா என்று பெயர். தளிக்கு மேலே ஒரு மலையூரில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ் பேசினாலும் தெருவிலும் மாட்டிடமும் கன்னடம்தான். முகத்தில் சிரிப்பைப் பார்க்க நல்ல நாள் வரவேண்டும். வாயைத் திறந்தால் நான்கு வீட்டுக்குக் கேட்கும்.

சம்பந்திகள் நேருக்கு நேர் பேசிக்கொள்கிற வழக்கம் அப்போது இல்லை. பெண்பிள்ளை ஒருத்தி சம்பந்தி எதிரே நின்று பேசினால் மரியாதை இல்லை. ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் எப்படி இருப்பது? அதற்கு என் மாமியார் ஒரு வழி வைத்திருந்தார். கொட்டகையில் கட்டியிருந்த கெம்பி.

கெம்பி செவலைப் பசு. மாமியாருக்குப் பிறந்த வீட்டுச் சீதனமாக வந்த பசுவின் பேத்தி. அப்பாவுக்குக் கொட்டகைக்குப் பக்கத்து அறையைத்தான் கொடுத்திருந்தோம்.

"பாரே கெம்பி," என்று, அதாவது வாடி கெம்பி என்று, கன்னடத்தில் ஆரம்பித்தால் அது மாட்டுக்கு. "ஏய் கெம்பி, வெந்நீர் வெளாவி வச்சிருக்குது, ஆறிப்போச்சுன்னா நான் பொறுப்பில்ல," என்று தமிழில் வந்தால் அது என் அப்பாவுக்கு. வந்த இரண்டாம் நாளே அவருக்கு அது புரிந்துவிட்டது. எழுந்து குளிக்கப் போவார்.

அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லவேண்டுமென்றாலும் கெம்பியிடம்தான் சொல்வார். "கெம்பி, நாளைக்கு எனக்கு வெந்நீர் வேணாம். விறகு செலவு." மாமியார் கன்னடத்தில் ஏதோ முணுமுணுப்பார். மறுநாளும் வெந்நீர் இருக்கும்.

பாவம் கெம்பி. எத்தனை பேருடைய பேச்சைத்தான் அது சுமக்கும்.

சாக்கில் வந்த விருந்தாளி

மாம்பழக் காலம் முடிந்தது. மூட்டை பாதியானது. அப்பா சாயங்காலங்களில் கிழக்கே முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருப்பார். "இங்க காத்துல ஒண்ணுமே இல்ல பாப்பா," என்பார். கடல் வாசனையைச் சொல்கிறார்.

அவரை ஊருக்குத் திருப்பி அனுப்புகிற பேச்சுக்கே இடமில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு தனியாகப் போனால் இன்னொரு முறை நெருப்பில் கை வைப்பார். கையோடு போகுமா என்ன? ஆனால் அவரைப் பிடித்து வைக்க என்னிடம் எதுவும் இல்லை. என்ன செய்யலாம் என்று யோசித்தபோதுதான் அந்தப் புல் நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊரில் உப்புப்புல் என்று சொல்வோம். அளத்து வரப்புகளில், உப்புச் சேற்றில், தரையோடு படர்ந்து கிடக்கும். நுனி ஊசி மாதிரி காலில் குத்தும். வேறு எந்தச் செடியும் கருகிப்போகிற இடத்தில் அது மட்டும் பச்சையாக இருக்கும். உறிஞ்சின உப்பை இதழ் வழியாக வெளியே தள்ளிவிடும். விடிகாலையில் பார்த்தால் இதழ்மேல் பொடிப்பொடியாக உப்புப் பூத்திருக்கும். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து போகும்போது ஒரு இதழைக் கிள்ளி என் நாக்கில் தடவுவார். எனக்கு மிட்டாய் தெரிவதற்கு முன்னால் அது தெரியும்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன். அடுத்த முறை லாரி போனபோது நனைத்த சாக்கில் சேற்றோடு ஒரு பெரிய பத்தையைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதன் பிறகு நாங்கள் செய்ததுதான் முட்டாள்தனம். உழவர் வீட்டுப் பிள்ளை அல்லவா அவர்? தூரத்திலிருந்து வந்த புல்லை எங்கே வைப்பது? இருக்கிற இடங்களிலேயே நல்ல இடத்தில். கிணற்றடிப் பாத்தியில் மண்ணைக் கொத்தி, மக்கின எருவைக் கொட்டி, நட்டார். நான் காலையும் மாலையும் நல்ல தண்ணீரை இறைத்து ஊற்றினேன். மாப்பிள்ளையைக் கவனிக்கிற மாதிரி கவனித்தோம்.

வளர்ந்ததா என்றால் வளர்ந்தது. கூடவே எருவைத் தின்று அருகும் கோரையும் முழங்கால் உயரத்துக்கு எழும்பி அதை அமுக்கிவிட்டன. நல்ல தண்ணீரைக் குடித்த இதழில் உப்பு எங்கிருந்து வரும்? அப்போதுதான் அப்பா நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, நம்ம புல்லு இல்லை என்றார்.

தோளுக்குத் தெரிந்த கனம்

மழைக்கு முன்னால் ஒருநாள், வண்டு பிடிக்காமல் இருக்க அரிசியை வெயிலில் காயவைக்கிறேன் என்று அப்பா மூட்டையைத் தூக்கினார். தூக்கினவர் அப்படியே கீழே வைத்தார். மறுபடி தூக்கினார். முகம் சிவந்துவிட்டது.

"பாப்பா, இங்க வா."

போனேன்.

"இது ஆடியில இருந்த கனம். கொறையவே இல்ல. தெனம் நான் அளந்து எடுக்கறேன், எப்படிக் கொறையாம இருக்கும்?"

"எனக்குத் தெரியாதுப்பா."

"கண்ணுதான் போச்சு. காலம் பூரா மூட்டை தூக்குன தோளு இது. இதைப் போய் ஏமாத்தலாமா? உன் வூட்டு அரிசியை எனக்குத் தெரியாம தின்ன வச்சிட்டியே."

நான் செய்யவில்லை. சத்தியமாகச் செய்யவில்லை. அந்த யோசனைகூட எனக்கு வராமல் போனதே என்றுதான் இருந்தது. சொன்னால் நம்பவில்லை. அப்போது கொட்டகையில் என் மாமியார் கெம்பியைக் கன்னடத்தில் கண்டபடி திட்டுகிற சத்தம் கேட்டது. கெம்பி ஒரு தப்பும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது, மூட்டையை யார் நிரப்பினார்கள் என்று.

அதை அப்பாவிடம் சொல்ல முடியுமா? மகள் வைத்தாலே இத்தனை கோபம். சம்பந்தி வைத்தாள் என்றால் அன்றே நடந்து போயிருப்பார். பழியை நானே ஏற்றுக்கொண்டு நின்றேன்.

"அடுத்த லாரியில நான் போறேன்," என்றார் அப்பா.

மூட்டையை நிரப்பினாரே என்று அத்தைமேல் எனக்கு வந்த பாசம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பூசணி விதை போடப் பாத்தி வேண்டுமென்று கிணற்றடியில் இருந்த புல் பூண்டு எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் நான். அன்று பேசினேன்.

"அத்தை, அது எங்கப்பாவோட புல்லு."

"எது? இந்த அருகா? இந்தக் கோரையா?" பிடுங்கின குவியலைக் காலால் தள்ளினார். "உங்கப்பா புல்லு எதுன்னு நீயே பொறுக்கி எடு பாக்கலாம்."

குனிந்து தேடினேன். கண்ணில் நீர் வேறு. எனக்கு எதுவும் தெரியவில்லை. அவர் குவியலை வாரிக்கொண்டுபோய்க் கொட்டகைக்குப் பின்னால் உவர் மூலையில் வீசிவிட்டு வந்தார்.

அந்த மூலை ஒன்றுக்கும் உதவாத இடம். ஏரிக்கரைக் கசிவு அங்கே வந்து தேங்கும். கோடையில் மண் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். வண்ணார் வந்து துணிக்கு உவர் மண் வாரிக்கொண்டு போவார். கீரை விதை தூவினால் முளைத்த வேகத்தில் கருகும். குப்பை கொட்டத்தான் அது லாயக்கு.

அறுத்துக்கொண்டு போன கயிறு

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் உப்பு லாரி வராது. அப்பா துணி மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அரிசியை இப்போது தலையணைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுத்தார், யாரும் கைவைக்கக்கூடாதென்று. அளவையும் பாதியாகக் குறைத்துவிட்டார். கன்னம் ஒட்டிப்போனது.

மார்கழி பிறந்து பனி கொட்ட ஆரம்பித்தது. ஒருநாள் விடிந்ததும் கொட்டகையில் கெம்பியைக் காணோம். கயிறு அறுந்து கிடந்தது. மாமியார் தெருவரை ஓடிக் கத்திவிட்டு வந்தார். நான் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன்.

உவர் மூலையில் நின்றுகொண்டு கெம்பி தரையை நக்கி நக்கி மேய்ந்துகொண்டிருந்தது. காலடியில் அகலமாகப் பச்சை. அருகும் கோரையும் உவரில் செத்து வைக்கோலாகிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே அந்த ஊசி நுனிப் புல் மட்டும் ஜோராகப் படர்ந்திருந்தது. இதழ்மேல் என்னவோ மினுங்கியது. பனி என்று நினைத்தேன்.

அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். அவர் வெறுங்காலை வைத்தார். நுனி குத்தியதும் நின்றுவிட்டார். மெதுவாக உட்கார்ந்து ஒரு இதழைக் கிள்ளி நாக்கில் வைத்தார்.

வெகுநேரம் துப்பவில்லை.

"பாப்பா," என்றார். "வாயைத் தொற."

கல்யாணமாகி ஒரு வீட்டுக்கு மருமகளாகிவிட்டவள் நான். வாயைத் திறந்தேன். நாக்கில் தடவினார். உப்பு. இன்றைக்கும் அதை எழுதும்போது என் வாயில் ஊறுகிறது.

எங்களுக்குப் பின்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என் மாமியார் நின்றிருந்தார். குப்பையாக வாரி வீசினவர் அவர்தான். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

அன்றிலிருந்து அப்பா அந்த மூலையிலேயே கிடந்தார். கண் தெரியாவிட்டால் என்ன, கை இருக்கிறதே. தடவித் தடவி வேரைப் பிரித்து நட்டார். கசிவு நீரை வரப்புக் கட்டி நிறுத்தினார். அதை மட்டும் உப்பளத்துக்காரர் அழகாகச் செய்தார். காலையில் ஒரு கட்டு அறுத்துச் சோளத் தட்டையோடு கலந்து கெம்பிக்குப் போடுவார். பால் கூடியதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கூடியது என்று என் மாமியார் சொன்னார். அந்த வீட்டில் அவர் சொன்னால் கூடியதுதான்.

லாரி வந்தது

தையில் லாரி வந்து வாசலில் நின்றது. சந்தையில் உப்பை இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரி. அப்பா துணி மூட்டையோடு கொட்டகைப் பக்கம் வந்தார், கெம்பியிடம் சொல்லிக்கொள்ள. மாமியார் பால் கறந்துகொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

"ஏய் கெம்பி," என்றார் தமிழில். "கேட்டுக்க. உனக்குப் புல்லு போடறவரு ஊருக்குப் போறாராம். அந்த மூலையில எதை அறுக்கணும், எதை உடணும்னு எனக்குத் தெரியாது. எனக்கு முட்டி வேற நோவுது. நாளையில இருந்து நீ காஞ்ச தட்டையத் தின்னு."

அப்பா மாட்டின் கழுத்தைத் தடவினார். "கெம்பி, பொண்ணு குடுத்த வூட்ல ஒருத்தன் எத்தினி நாளைக்குக் குந்தித் திங்கறது? ஊரு என்னா பேசும்?"

"யாரு குந்தித் திங்கறது? விடிஞ்சதுல இருந்து அந்தச் சேத்துல குனிஞ்சிக்கினு கெடக்கறது யாரு? ஊரு பேசுனா ஊருக்கு நான் பதில் சொல்லிக்கறேன் கெம்பி. அது என் பாடு."

பிறகு சொம்பிலிருந்து ஒரு டம்ளரில் பாலை ஊற்றி, அப்பாவின் கையெட்டுகிற தூரத்தில் கொட்டகைக் கல்லின்மேல் வைத்தார். காய்ச்சாத பால். நுரை அடங்கவில்லை.

"இது நீ குடுத்த பாலு. நீ தின்னது அவரு வச்ச புல்லு. வெளைஞ்சது ஒண்ணுத்துக்கும் ஒதவாத மண்ணு. இதுல என் வூட்டுது எதுன்னு நீயே சொல்லு கெம்பி."

கெம்பி அசைபோட்டுக்கொண்டிருந்தது. வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். என் வீட்டுக்காரர் நடையில் நின்றபடி என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கும்பிடாத சாமி இல்லை.

அந்தக் கை கல்லைத் தடவிக்கொண்டு போய் டம்ளரைத் தொட்டது. எடுத்தது. அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"பாப்பா, மாப்பிள்ளையை லாரியை அனுப்பிடச் சொல்லு," என்றார்.

அன்று மதியம் களியும் கொள்ளுச் சாறும். அரிசி அளந்து கொடுக்க அப்பா மறந்துவிட்டார். நானும் நினைவுபடுத்தவில்லை. தட்டில் களி உருண்டையைக் குழித்துச் சாற்றை ஊற்றி என் மாமியார் அவர் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தார். அப்பா ஒரு வாய் எடுத்தார். வழக்கம்போல ஒரு கணம் நின்றார்.

கெம்பி கொட்டகையில் இருந்தது. கூடத்தில் இடையில் யாரும் இல்லை.

"ஸ்வல்ப உப்பு ஹாக்கம்மா," என்றார் அப்பா, என் மாமியாரைப் பார்த்து. கொஞ்சம் உப்பு வை என்று கன்னடத்தில். மாட்டுக்கென்று பேசின பேச்சையெல்லாம் இத்தனை மாதம் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

மாமியார் திரும்பினார். பிறகு உப்பு ஜாடியைத் திறந்தார். உப்பைக் கையில் கொடுக்கக்கூடாது என்பதால் குனிந்து தட்டின் ஓரத்தில் நான்கு கல் வைத்தார்.

"போதுமா?" என்றார், நேராக அவரைப் பார்த்து.

"இன்னும் கொஞ்சம்," என்றார் அப்பா.